எட்டு எழுத்துக்கு என்ன நிறம்

கிரேக்க நாட்டில், கடலுக்கு மேலே சரிவில் இருக்கும் அனோ வ்ரிசி ஊரில் நிறம் பார்க்காமல் யாரும் உட்கார மாட்டார்கள். நாற்காலிக்கு நாலு காலும் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். சதுக்கத்தின் ஒரு பக்கம் நீலக் கட்சிக்காரர்களின் காபிக்கடை, எதிர்ப்பக்கம் பச்சைக் கட்சிக்காரர்களின் காபிக்கடை. கதவு, ஜன்னல், மேசை, சாம்பல் கிண்ணம் வரைக்கும் அந்தந்த நிறம். ஒரு ஆகஸ்டில் வெளியூர் வியாபாரி ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்தார். அவரை எந்தக் கடைக்குள் தூக்கிப் போவது என்று இரண்டு பக்கமும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்ததில், மனிதர் தானாகவே எழுந்து பஸ் ஏறிப் போய்விட்டார்.

இந்த வசந்தத்தில் நீலக் கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஏதென்ஸில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். பச்சைக் கடைக்காரரோ முட்டிவலி தாங்காமல் கடையை வாடகைக்கு விட்டார். எடுத்தவள் ஸ்தமாத்தா. வயது ஐம்பத்தொன்று. பாத்ராஸ் நகரத்து ஓட்டல் ஒன்றின் சலவை அறையில் பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள். சொந்த ஊரில் சொந்தமாக ஒரு அடுப்பு, தன் சொல் செல்லும் ஒரு அறை என்று ஆசைப்பட்டு, இருந்த சேமிப்பையெல்லாம் அதில் போட்டுவிட்டாள்.

ஊரில் இப்போது இருப்பது ஒரே கடை. அப்படியானால் எல்லோரும் அங்கேதானே வர வேண்டும்? நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம், ஸ்தமாத்தாவும் அப்படித்தான் நினைத்தாள். நீலக்காரர்கள் பதினொரு பேரும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, கோயில் சுவரின் மேல் வரிசையாக உட்கார்ந்து குடித்தார்கள். உள்ளே வந்தது பச்சைக்காரர்கள் எட்டுப் பேர் மட்டும். ஆளுக்கு ஒரு காபி வாங்கி மூன்று மணி நேரம் உறிஞ்சுவார்கள். குளிர்காலத்துக்குள் சுவரில் இருப்பவர்கள் இறங்கி உள்ளே வராவிட்டால் மறுபடி பாத்ராஸ், மறுபடி அந்த நீராவி. அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

நாற்காலிகளைச் சுரண்டி வெறும் மரமாக்கினாள். கதவுக்கு வார்னிஷ் அடித்தாள். மிச்சம் இருந்தது வாசலில் தொங்கிய பலகை ஒன்றுதான், பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அதைக் கழற்றப் போகிறாள் என்ற செய்தி காற்றில் போயிற்று போலிருக்கிறது. மறுநாள் காலையே இரண்டு பெரியவர்களும் வந்துவிட்டார்கள், தனித்தனியாகத்தான்.

முதலில் பந்தெலிஸ். ஆலிவ் ஆலையில் எடை போட்டு ஓய்வு பெற்றவர், பச்சைக்காரர்களுக்குத் தலைவர். பச்சைக்காரர்கள் எல்லோரையும் போலக் கீழ்த்தெருவில் வீடு. கண் மங்கிப் பத்து வருஷம் ஆகியும் கண்ணாடி போட மாட்டேன் என்று அடம் பிடிப்பவர். முட்டி வேறு சரியில்லை, கடை வரை ஏறுவதோடு சரி, அதற்கு மேல் ஒரு படி ஏற மாட்டார்.

"இத பாரும்மா, நாற்காலியச் சுரண்டின, பொறுத்துக்கிட்டேன். மார்ச்ல தேர்தல் வருது. பலகையில நீலம் மட்டும் வந்துச்சுன்னா, நாங்க எட்டுப் பேரும் வீட்லயே செத்துக் கிடப்போம், இங்க வர மாட்டோம்."

"சாகுறதுக்கு இப்ப என்ன அவசரம் மாமா, காபி ஆறுது, குடிங்க."

அவர் போன பிறகு அனார்கிரோஸ் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலுக்கு ஒரு அடி தள்ளியே நின்றார். கப்பலில் முப்பது வருஷம் கயிறு பார்த்த மனிதர், எழுபத்தி நாலு வயதிலும் கழுகுக் கண். நீலக்காரர்கள் எல்லோரையும் போல வீடு மேல்தெருவில்.

"நான் ஒண்ணும் நீலம்தான் வேணும்னு கேட்கல," என்றார். "நான் நியாயஸ்தன். பச்சை இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"வேற என்ன நிறம் போடட்டும் மாமா?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீலம் நல்லா இருக்கும்," என்றார்.

ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஃபோதிஸின் பட்டறை. கல்யாணப் பத்திரிகை, ரப்பர் முத்திரை, 'நாய் ஜாக்கிரதை' பலகை, எல்லாம் அவன்தான். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தேர்தல் ஞாயிறு வந்தால் தவறாமல் மீன் பிடிக்கப் போய்விடுவான், அதனாலேயே இரண்டு பக்கமும் அவனைச் சகித்துக்கொண்டது. கணினியில் பலகையை வரைந்து, அதில் எழுத்து வடிவத்தை வெட்டியெடுத்து, காபிக்கடை என்று எட்டு கிரேக்க எழுத்துகளைப் பெரிதாகப் பதித்து வைத்திருந்தான். தொங்கினால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, கீழ்த்தெருவிலிருந்து பார்த்தபடி சதுக்கத்தைப் படம் எடுத்து, வரைந்த பலகைக்குப் பின்னால் அதையும் விரித்திருந்தான். திரையின் ஓரத்தில் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள். எழுத்தை ஒரு தட்டு, கட்டத்தை ஒரு தட்டு, எழுத்தின் நிறம் மாறும். பலகையைத் தட்டிவிட்டு வேறு கட்டத்தைத் தட்டினால் பின்னணி மாறும்.

ஸ்தமாத்தா மட்டும் போயிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். பந்தெலிஸ் அவளுக்குப் பின்னாலேயே வந்தார். பந்தெலிஸ் போவதைப் பார்த்த அனார்கிரோஸும் வந்தார். இவர்கள் இரண்டு பேரும் போகிறார்கள் என்று மிமிஸ் வாத்தியாரும் வந்தார். ஊரில் சிவப்புக்கு ஓட்டுப் போடும் ஒரே ஆள் அவர்தான்.

ஃபோதிஸ் வேண்டுமென்றே முதலில் சிவப்பைத் தட்டினான். வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

"கடைசியில நியாயம் ஜெயிச்சுது," என்றார்.

"உட்காருய்யா," என்று மற்ற இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருபத்திரண்டு வருஷப் பகையில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வந்தது.

"யார் செத்தது?" என்றார் பந்தெலிஸ். கம்பத்தில் ஒட்டுகிற சாவு நோட்டீஸ் அப்படித்தான் இருக்கும்.

மஞ்சளில் கறுப்பு வந்தது. அது ஒரு கால்பந்து அணியின் நிறம் என்று அனார்கிரோஸ் திரும்பிக்கொண்டார். ஊதாவைப் பார்த்துவிட்டு, பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் போடும் துணி மாதிரி இருக்கிறது, இதன் கீழே உட்கார்ந்து சீட்டு ஆட முடியுமா என்றார்கள். பழுப்பில் வெண்ணெய் நிறம் வந்தபோது யாரும் குறை சொல்லவில்லை. ஸ்தமாத்தாவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பந்தெலிஸ் திரைக்கு மூக்கு ஒட்டும் தூரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலையே, பலகை காலியாவா இருக்கு?" என்று கேட்டதும் அதுவும் போயிற்று.

ஃபோதிஸின் உதட்டோரம் லேசாக வளைந்தது. குறும்பு செய்யப் போகிறான் என்று அர்த்தம். பச்சையும் நீலமும் கலந்த ஒரு மயில் நிறத்தைக் கொண்டுவந்து, "மாமா, இது பச்சைதானே?" என்று பந்தெலிஸிடம் கேட்டான்.

"இதுல என்ன சந்தேகம்?"

"நீங்க சொல்லுங்க மாமா, இது நீலம்தானே?" என்று அனார்கிரோஸ் பக்கம் திரும்பினான்.

"கடல் நீலம். முப்பது வருஷம் பார்த்த கடல், எனக்குத் தெரியாதா?"

அங்கேயே நிறுத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அனார்கிரோஸின் கழுகுக் கண் திரையின் மூலையில் இருந்த எண்களைப் பார்த்துவிட்டது.

"அது என்ன நம்பர்?"

"எந்த நிறம் எவ்வளவு கலந்திருக்குன்னு காட்டுது. சிவப்பு முப்பது, பச்சை நூத்தி இருபத்தெட்டு, நீலம் நூத்தி இருபது."

"பச்சைக்கு எட்டு அதிகமா? என்னை என்ன கேனையன்னு நினைச்சியா?"

"எட்டு அதிகமா இருந்தா என்ன குறைஞ்சா போயிட்ட?" என்றார் பந்தெலிஸ். "போன தேர்தல்ல இதைவிட அதிக வித்தியாசத்துல தோத்தீங்க, ரோஷம் வரல. இப்ப மட்டும் வருதாக்கும்."

"மார்ச் மாசம் பார்க்கலாம் யாருக்கு ரோஷம் வருதுன்னு."

ஃபோதிஸ் இரண்டையும் நூற்றி இருபத்தி நாலாக்கினான். அனார்கிரோஸ் எண்ணி எண்ணிப் பார்த்தார்.

"பட்டியல்ல பச்சை ஏன் முன்னாடி இருக்கு?"

"அது செயலி செஞ்சவங்க வச்ச வரிசை மாமா. நான் வச்சதில்ல."

"அவனும் அந்தக் கட்சிதான் போல," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பந்தெலிஸ், ஜெயித்தவர் நடக்கிற நடையில் அவர் பின்னால் போனார். வாத்தியார் மட்டும் கொஞ்ச நேரம் இருந்தார். அந்த முப்பது சிவப்பை நாற்பது ஆக்க முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டுப் பார்த்துவிட்டு அவரும் கிளம்பினார்.

ஸ்தமாத்தா ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஃபோதிஸ், எனக்கு விளையாட்டு இல்லடா இது. கடை நின்னுபோச்சுன்னா நான் மறுபடி அடுத்தவன் படுக்கை விரிப்பை மடிக்கப் போகணும்."

அவனுக்கும் மனசு சங்கடமாகிவிட்டது. "அப்ப இதுக்கு நிறமே வேணாம் அக்கா," என்று சலிப்போடு, கட்டங்களின் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த, குறுக்கே கோடு போட்ட வெற்றுக் கட்டத்தைத் தட்டினான். நிறம் எதுவும் இல்லை என்று அதற்கு அர்த்தம். எழுத்துகள் இருந்த இடத்தில் எட்டு ஓட்டைகள் விழுந்தன. பின்னால் இருந்த படம் அவற்றின் வழியாகத் தெரிந்தது, சதுக்கத்தின் நடுவே பரந்து நிற்கும் பிளேன் மரம், ஒரே இலைக்கூட்டம். எட்டு எழுத்தும் பச்சைப் பசேல் என்று நின்றன.

ஸ்தமாத்தா விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கையை மெல்ல இறக்கினாள்.

"இது கீழ்த்தெருவுலேர்ந்து ஏறி வரும்போது தெரியறதுதானே?"

"ஆமா."

"மேல்தெருவுலேர்ந்து, மரத்தைச் சுத்தி இறங்கி வர்றவங்களுக்குப் பலகைக்குப் பின்னாடி என்ன தெரியும்?"

ஃபோதிஸ் மனசுக்குள் மேல்தெருவிலிருந்து இறங்கிப் பார்த்தான். கீழே தெரிவது கடல்தான், வளைகுடா முழுக்க.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரொட்டிக்கடைக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"திரும்பிப் போகும்போது பார்த்துட்டாங்கன்னா?" என்றாள் ஸ்தமாத்தா.

"எழுபது வயசுக்கு மேல எந்தக் கழுத்து அக்கா திரும்புது?"

துறைமுகத்தில் தகடு வெட்டுகிறவனிடம் கொடுத்து, இரும்புத் தகட்டில் எழுத்துகளை அப்படியே துளையாக வெட்டி வாங்கினான் ஃபோதிஸ். நடுவில் மூடிய வட்டம் உள்ள எழுத்துகளில் அந்த வட்டம் கழன்று விழுந்துவிடும் என்று மெல்லிய இணைப்புகள் விட்டிருந்தான். தகட்டுக்கு வண்ணம் பூசவே இல்லை. இரும்புச் சாம்பலுக்கு எந்த ஊரிலும் கட்சி கிடையாது. தெருவுக்குக் குறுக்காக நீட்டிய கம்பியில் செப்டம்பர் முதல் வாரத்தில் அதைத் தொங்கவிட்டார்கள்.

பந்தெலிஸ் கீழேயிருந்து ஏறி வந்தார். நின்று, கண்ணை இடுக்கி அண்ணாந்து பார்த்தார். பச்சை. உள்ளே வந்து, வழக்கத்துக்கு விரோதமாக இரண்டு காபிக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அனார்கிரோஸ் மேலேயிருந்து இறங்கி வந்தார். மரத்தைத் தாண்டியதும் அவர் நடை நின்றது. பிறகு கோயில் சுவரில் இருந்தவர்களைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினார். பத்துப் பேரும் பிளாஸ்கோடு இறங்கி வந்தார்கள். ஸ்தமாத்தா சமையலறைக்குள் ஓடிப்போய்த் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று முதல் அந்தக் கடையில் யாரும் பலகையைப் பற்றிப் பேசவில்லை. பச்சைக்காரர்கள் நினைத்தார்கள்: பாவம், நீலக்காரர்கள் கவனிக்கவில்லை, வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார்கள், காபி விலை ஏறிவிடும். நீலக்காரர்களும் அதையேதான் நினைத்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டு பத்தொன்பது பேரும் நிம்மதியாகக் குடித்தார்கள்.

பிரிபா என்ற சீட்டாட்டத்துக்கு நாலு கை வேண்டும். பச்சையில் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் பந்தெலிஸும் அவர் மைத்துனரும் மட்டும்தான், மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீலத்தில் அனார்கிரோஸும் அவர் பக்கத்து வீட்டுக்காரரும். மூன்று வாரம் இரண்டு ஜோடியும் தனித்தனியே சீட்டைக் கலைத்துக் கலைத்து வைத்துப் பார்த்தார்கள். நாலாவது வாரம், ஒரு மழை நாளில், மேசைகள் எப்படியோ ஒட்டிக்கொண்டன. யார் இழுத்தது என்று இரண்டு பக்கமும் இன்றுவரை மறுக்கிறார்கள். அதன் பிறகு அந்த மேசையில் எழுந்த கூச்சலுக்கு எல்லை இல்லை. கூச்சல் இருந்தால் சிப்புரோ சாராயம் விற்கும், சிப்புரோவுக்குத் தொட்டுக்கொள்ள மீன் விற்கும். ஸ்தமாத்தா குளிர்காலத்துக்கு விறகு வாங்கிப் போட்டாள். பாத்ராஸை அவள் மறந்தே போனாள்.

அவள் மறந்த இன்னொன்று, பிளேன் மரம் இலை உதிர்க்கும் என்பது.

பிறந்ததிலிருந்து பார்த்த மரம். நவம்பர் பிறந்தால் சதுக்கம் முழுக்கக் கணுக்கால் அளவு சருகு கிடக்கும், சின்ன வயதில் அவளே அதில் புரண்டிருக்கிறாள். ஆனாலும் திரையில் பார்த்த அந்தப் பச்சை வருஷம் முழுக்க அப்படியே இருக்கும் என்று எப்படியோ நம்பிவிட்டாள். நவம்பர் இரண்டாவது வாரம் பலமான வடகாற்று அடித்தது. சாயங்காலம் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். மரம் பாதி மொட்டை. கிளைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. எட்டு எழுத்தில் ஐந்து சுத்தமான நீலம்.

"அக்கா, மிச்சம் மூணும் நாளைக்குள்ள போயிடும்," என்றான் ஃபோதிஸ்.

"சிரிச்சேன்னா தகட்டால அடிப்பேன்."

"சிரிக்கல. பச்சைப் பெயின்டை மரத்துல அடிக்கலாமா?"

தேர்தலுக்கு நாலு மாசம் இருக்கிறது. பந்தெலிஸ் எழுந்து போனால் எட்டுப் பேரும் போவார்கள், சீட்டு மேசை பிரியும், அதைப் பார்க்க வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள். எல்லாம் ஒரு மரத்தால் போகப்போகிறதே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் கோபமாக வந்தது. வீட்டில் பச்சை நிறத்தில் ஒரு பழைய படுக்கை விரிப்பு இருந்தது. காலையில் ஏணி போட்டு அதையாவது கட்டிவிடுவோம் என்று எடுத்து வைத்தாள்.

வெளிச்சம் வந்ததும் விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தாள். மரத்தில் ஒரு இலை மிச்சமில்லை. கீழ்த்தெருப் பக்கம் போய்ப் பலகையைப் பார்த்தாள். எட்டு எழுத்தும் பச்சையாக இருந்தன.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். இரண்டு கிளைகளுக்கு நடுவே, இரண்டு ஆள் உயரத்தில், ஆலிவ் பறிக்கும்போது தரையில் விரிக்கும் பச்சை வலை ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. நாலு மூலையிலும் முடிச்சு. காற்று எவ்வளவு ஆட்டினாலும் அசையாத கட்டு.

பந்தெலிஸாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அவர் கண்ணுக்கு மரமே பாதிதான் தெரியும், ஏறுவது எப்படி? முடிச்சை மறுபடி பார்த்தாள். ஊரில் யாருக்கும் இப்படிக் கட்ட வராது. கப்பலில் கட்டுகிற முடிச்சு அது. ஸ்தமாத்தா அப்படியே மரத்தடித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு அனார்கிரோஸ் கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தார். புறங்கை இரண்டிலும் கீறல். தொப்பியில் ஒரு சருகு ஒட்டியிருந்தது. ஸ்தமாத்தா காபியை வைக்கும் சாக்கில் குனிந்து அதை எடுத்தாள்.

"எப்போலேர்ந்து தெரியும் மாமா?"

"ரெண்டாவது வாரமே. துறைமுகத்துல மருந்து வாங்கிட்டுக் கீழ் வழியா ஏறி வந்தேன்." அவர் குரலை இன்னும் இறக்கினார். "எங்க ஆளுங்ககிட்ட மூச்சு விட்டுடாதே. மானம் போயிடும்."

"அப்ப எதுக்கு இந்த வயசுல மரத்துல ஏறினீங்க? உங்க ஆலிவ் பறிப்பும் இப்பதானே, வலை வேணாமா?"

"ஒரு மரத்துக் காய் தரையில விழுந்தா குடி முழுகிடாது." அவர் கதவுப் பக்கம் முறைத்தார். "அந்தக் குருடன் என்னைவிட மூணு ஆட்டம் முன்னாடி இருக்கான். அந்த மூணையும் வச்சுக்கிட்டு வீட்ல போய் உட்கார்ந்துக்கலாம்னு பார்க்கிறானா? விட்ருவேனா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதையாவது சொன்னால் அழுதுவிடுவோம் என்று, கேட்காமலேயே ஒரு சிப்புரோவும் வறுத்த மீனும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அப்போது கதவு திறந்தது. பந்தெலிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. நாற்காலியை இழுத்து அனார்கிரோஸுக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டரை மாசமாக அடக்கி வைத்திருந்த வாய், அன்றைக்கென்று தாங்க முடியாமல் திறந்துகொண்டது.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன், முடியல. வெளியில போய்ப் பாருய்யா. மரமே மொட்டையாயிடுச்சு. எங்க எழுத்து மட்டும் இன்னும் பச்சையா நிக்குது. அதுக்குப் பேர்தான்யா கட்சி."

நீலக்காரர்கள் பத்துப் பேரும் தங்கள் தலைவரைப் பார்த்தார்கள். பதிலுக்கு அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அடுப்படியிலிருந்து ஸ்தமாத்தா எட்டிப் பார்த்தாள்.

அனார்கிரோஸின் கழுத்து நரம்பு புடைத்தது. கீறல் விழுந்த கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு பதிலை விழுங்கினார். விழுங்கியது தொண்டையில் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

"சீட்டைக் கலைச்சுப் போடுய்யா," என்றார்.